மீதிப் பாதி

லாத்தா எதையும் முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தோசை வந்தால் பாதி, வடை வந்தால் பாதி. வாழைப்பழத்தைக்கூட நடுவில் ஒடித்துத்தான் உரிப்பார். மீதிப் பாதி எங்கே போகும் என்று கேட்டால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வாய்க்குப் போகும். அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த காலம் முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான். என் உடம்பைப் பார்த்தாலே அது தெரியும்.

சொந்த ஊர் கடையநல்லூர். மகள் தென்காசியில் கல்லூரியில் சேர்ந்ததும், பிள்ளை தினமும் பஸ்ஸில் நசுங்கி வர வேண்டாம் என்று மாடியை வாடகைக்குப் பிடித்து வந்தார். கணவர் சவூதியில் ட்ரெய்லர் ஓட்டுகிறார். அவரை நான் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்னைவிட மூத்தவர் என்பதால், முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நானும் லாத்தா என்றேன். கொஞ்ச நாளில் தெருவில் பூ விற்கிறவள், பால்காரர் எல்லாருக்கும் அவர் லாத்தாவாகிவிட்டார். அதற்குமேல் ஒரு பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

நான் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். தையல்காரிக்குத் தெருவில் இருக்கிற எல்லாப் பெண்களின் இடுப்பும் தெரியும். வெளியே சொல்லக் கூடாது. லாத்தாவுடையதை மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் பக்கம் தைக்கக் கொடுக்கிற பெண்கள் துணியைக் கையில் தருவதற்கு முன்னாலேயே, "உள்ள நல்லா துணி விட்டுத் தை" என்பார்கள். நாளைக்குப் பெருத்தால் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் அல்லவா. நாளைக்கு இளைப்போம் என்று நினைத்துத் தைக்கக் கொடுத்த ஒருத்தியை நான் கண்டதில்லை.

லாத்தா முதல்முதலில் என் கடைக்கு வந்ததே பிரிக்கத்தான். ஒரு பை நிறையச் சுடிதார்கள். இரண்டு மூன்று தரம் பிரித்த தடம் எல்லாவற்றிலும் இருந்தது. உள்ளே இருந்த துணியெல்லாம் வெளியே வந்து தீர்ந்துபோயிருந்தது. இதற்குமேல் பிரித்தால் தையல் போட விளிம்பு இல்லை லாத்தா என்றேன். அவர் ஒரு சுடிதாரை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார். அதுவும் கிரீச் என்றது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். துணைக்குத்தான் போனேன். அந்த அம்மா என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு எனக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொன்னது. லாத்தாவுக்குச் சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது, மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லி, ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. லாத்தா திருதிருவென்று விழித்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அது அவர்கள் வீட்டுப் பழக்கம். கல்யாணங்களில் சஹன் என்று ஒரு பெரிய தட்டு வைப்பார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். லாத்தாவின் மாமியார் வீட்டில் சாதாரண நாளிலும் அப்படித்தானாம்; நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் ஒரே தட்டில் கை வைப்பார்கள். தென்காசிக்கு வந்த பிறகும் அம்மாவும் மகளும் ஒரே தட்டுதான். யார் எவ்வளவு தின்றார்கள் என்பதை அந்தத் தட்டுதான் சொல்ல வேண்டும். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "இப்ப சாப்பிடுறதுல பாதி சாப்பிடுங்கம்மா, காலையில நடங்க, அது போதும்" என்றது.

அந்தப் பாதியை லாத்தா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். ஆனால் மீதியைக் கொட்டுவது பாவம். மூடி வைத்தால் பிறகு கை போகும். அப்படியானால் என்ன வழி? படியிறங்கி வந்து என் மிஷின் மேல் ஒரு கிண்ணத்தை வைப்பார். இடியாப்பம், நெய்ச்சோறு, ஆணம் என்று அவர்கள் சொல்கிற ஆட்டுக்கறிக் குழம்பு. நோன்பு மாதத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. கொண்டு வந்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சொன்னால் சண்டையா என்று கேட்பார்கள். எனக்கும் அந்த ஆணத்தை வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழும்பாது. இதை மறைப்பானேன்.

விடியலில் இருவரும் நடந்தோம். லாத்தா பேசிக்கொண்டே நடப்பார். பேச்சு சுவாரசியமானால் நின்றுவிடுவார். நின்று பேசுவது நடையில் சேராது என்று நான் சொன்னால், வாயும் உடம்புதானே என்பார். மகள் போனில் ஏதோ ஏற்றி, எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். நடக்கும்போது யாரோ கணக்குப் பிள்ளை பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கிறது என்று லாத்தா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். டாக்டரம்மாவின் எடை மிஷின் மேலும் நம்பிக்கை இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் அரிசிக் கடைக்குப் போய், மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பார். அரிசிக்காரன் தனக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஒருநாளும் நிறுக்க மாட்டான், இதுதான் சரி என்பது அவர் கட்சி. கடைக்காரர் ஒருமுறை, "லாத்தா, சாக்கு எடையைக் கழிச்சிரட்டுமா" என்று கேட்டார். தராசை விட்டு இறங்காமலேயே அவர் சிரித்த சிரிப்பில் நம்பர் ஏறி இறங்கியது.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். சீசன் வந்துவிட்டது.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் யாருக்கும் வீட்டுக்குள் கால் தரிக்காது. தெருவைச் சுற்றிச் சுற்றி நடப்பானேன், மேலகரம் வழியாகக் குற்றாலம் வரைக்கும் நடந்தால் என்ன என்று யோசனை சொன்னது நான். முகத்தில் சாரல் தெறிக்க, மலையில் மேகம் இறங்கியிருக்க, அவ்வளவு தூரம் நடந்தது கால் அறியாது. நடந்து போய்விட்டு அருவியில் தலையைக் காட்டாமல் திரும்ப நாங்கள் என்ன வெளியூரா? பெண்கள் பக்கம் கூட்டம் சேருவதற்கு முன் சுடிதாரோடு போய் நிற்போம். அருவித் தண்ணீர் மண்டையில் விழுந்தால் வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. அது தெரியாமலா அங்கே இத்தனை கடை போட்டிருக்கிறான்? ஈரத்தலையோடு சூடாக வடை, பஜ்ஜி, பூரி, சுக்கு போட்ட டீ. நடந்ததற்கும் குளித்ததற்கும் சேர்த்துத் தின்றுவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று திரும்பும்போது பஸ்ஸில் வருவோம்.

அதிலும் லாத்தா பாதிதான் தின்றார், நேர்மையான மனுஷி. ஆனால் பாதிகள் நிறைய இருந்தன. மீதிப் பாதிகள் எல்லாம் என் இலைக்கு வந்தன. சீசன் முடிந்து அரிசிக் கடைக்குப் போனால் தராசு முன்னைக்குமேல் காட்டியது. உலகத்தில் நடந்து நடந்தே பெருத்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். என் பிளவுஸையே நான் பிரித்துத் தைத்தேன். உள்ளே விட்டிருந்த துணி எனக்கும் தீர்ந்துகொண்டு வந்தது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் லாத்தாவின் வீட்டுக்காரர் ஒரு செய்தி சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவர் போனில் முகம் காட்டுவார். அங்கே அறையில் தனியாக குப்ஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். இங்கே லாத்தா போனைச் சொம்பு மேல் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். மனுஷன் தனியாகத் தின்னக் கூடாது என்று அதற்கு ஒரு காரணம். அப்படி ஒருநாள் அவர், அடுத்த சீசன் முடிந்ததும் உன்னை உம்ராவுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன், விசாவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். மக்காவுக்குப் போவது லாத்தா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்த சிரமத்தைப் போனில் பார்த்த அந்த நல்ல மனிதர், "நீ பயப்படாத, அங்கன சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், நான் தள்ளிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் லாத்தா கிண்ணத்தோடு இறங்கி வரவில்லை. சாயங்காலம் நான் தைத்துக்கொண்டிருந்தபோது மொட்டை மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் டேங்க் பக்கம் போகிறது, படிக்கட்டுப் பக்கம் வருகிறது, மறுபடி போகிறது. திடீரென்று நின்றுவிட்டது. நேரமாகியும் சத்தம் வராததால் மேலே ஏறிப் போனேன். லாத்தா டேங்க்கின் கீழே திண்டில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அங்கே இரண்டு குன்றுகள் இருக்கின்றனவாம். பாலைவனத்தில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஒரு தாய் அந்த இரண்டுக்கும் நடுவே ஏழு தடவை ஓடினாளாம். போகிறவர்கள் எல்லாரும் அவள் ஓடிய வழியிலேயே அப்படி நடக்க வேண்டுமாம். அதைத்தான் லாத்தா டேங்க்குக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நடந்து பார்த்திருக்கிறார். பாதியில் மூட்டு பிடித்துக்கொண்டது.

"பிள்ளைக்குத் தண்ணி தேடி ஒரு தாய் ஓடுன ஓட்டம்ட்டி அது" என்றார். "முடியாதவுகளுக்கு நாற்காலி இருக்கு, அதுல தப்பே இல்ல. ஆனா எனக்கு அது முடியாமப் போனதா? தின்னே கெடுத்ததுட்டி. தின்னு கெடுத்த ஒடம்பத் தூக்கி நாற்காலியில வச்சு, அவ ஓடுன வழியில எப்பிடிட்டி தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுவேன்?"

அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் விடியலில் நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். நடந்து முடித்து, வழக்கமான டீக்கடையில் அவருக்கு ஒரு டீ, எனக்கு ஒரு டீ, ஆளுக்கொரு வடை வந்தது. லாத்தா தன் வடையை ஒடித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் எனக்கும் வாய் திறந்தது.

"லாத்தா, நீங்க பாதி திங்கிய, சரி. அந்த மீதிப் பாதியையும் சேத்து ஒண்ணரையா நான் திங்கேன். நீங்க நாளைக்கு மக்காவுல நடப்பிய. அந்த நாற்காலியில நான்லா உக்காரணும்?"

அவர் என் பிளவுஸ் கையில் பிரித்துத் தைத்திருந்த தடத்தைப் பார்த்தார். தையல் தடம் அவருக்குத் தெரியாதா? சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எனக்குத் தனியா ஒரு தட்டுல திங்கத் தெரியாதுட்டி. பக்கத்துல ஒரு கை இருந்தாத்தான் எறங்குது" என்றார். இத்தனை நாளும் அவர் எனக்குத் தந்தது வேண்டாத மீதி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் என்னைத் தன் தட்டில் உட்கார வைத்திருந்தார்.

அன்றைக்கு ஒரு வழி பிறந்தது. இரண்டாவது டீயையும் வடையையும் திருப்பிக் கொடுத்தோம். இனிமேல் ஒரு டீ, இரண்டு கிளாஸ். ஒரு வடை, இரண்டு பேர். மத்தியானம் மகள் கல்லூரியில் இருக்கும்போது வீட்டிலும் அப்படியே. லாத்தா ஒரு ஆளுக்கு உண்டான சோறும் அதற்குச் சரியாகக் கீரையோ புடலங்காயோ வைத்த ஒரே தட்டோடு இறங்கி வருவார். கடைக்குள்ளேயே உட்கார்ந்து இருவரும் அதில் சாப்பிடுவோம். டீக்கடைக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இரண்டு பெரிய மனுஷிகள் ஒரு டீயைப் பகிர்ந்தால் தன் கடைக்குத்தான் கெட்ட பெயர் என்று முதலில் முகத்தைத் தூக்கினார். பிறகு பழகிவிட்டார். எங்களைத் தூரத்தில் கண்டதுமே டீயைப் பாதி பாதியாக ஆற்றத் தொடங்கிவிடுவார்.

ஒரு தட்டில் சேர்ந்து சாப்பிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவசரப்பட முடியாது. அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தபோதுதான் அதன் முழு மரியாதையும் எனக்குத் தெரிந்தது. சஹனின் நடுவே கறி இருக்கும். நல்ல துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடாது; விரலால் மெல்ல அடுத்தவள் பக்கம் ஒதுக்க வேண்டும். அவள் அதை இன்னொருத்தி பக்கம் ஒதுக்குவாள். எல்லாரும் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, கடைசித் துண்டு நடுவிலேயே கிடக்கும். முன்பின் தெரியாத நான் அதை எடுத்து வாயில் போட்டேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். விருந்தாளி எடுத்தால்தான் சாப்பாடு ருசியாக இருந்தது என்று அர்த்தம் என்று சொல்லி லாத்தா என்னைக் காப்பாற்றினார். அது அவரே அந்த நிமிஷம் செய்த சட்டம் என்று நினைக்கிறேன்.

மாதங்கள் போயின. அடுத்த சாரலிலும் குற்றாலத்துக்கு நடந்தோம், அருவியில் குளித்தோம். பசி வந்தது. கொண்டு போன அவித்த பயறை ஒரே டப்பாவில் தின்றுவிட்டு, திரும்பவும் நடந்தே வந்தோம். பஜ்ஜி வாசனை மேலகரம் வரைக்கும் கூடவே வந்ததாக நான் சத்தியம் செய்வேன். லாத்தாவின் சுடிதார்களை இப்போது நான் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பிரித்த தடத்துக்கு உள்ளே, அதற்கும் உள்ளே என்று பழைய தையல்களைத் தேடிப் போனேன். மாடி நடையின் சத்தம் சாயங்காலங்களில் நிற்காமல் கேட்டது. டேங்க், படிக்கட்டு, டேங்க், படிக்கட்டு. அதைக் கேட்டுக்கொண்டே நான் தைப்பேன். என் மிஷினும் அந்த வேகத்துக்கு ஓடும்.

பயணத்துக்கு வெள்ளையில் ஒரு உடுப்பு தைக்கத் துணி கொண்டுவந்தார். அளவெடுத்து முடித்ததும், நான் கேட்காமலேயே சொன்னார், "உள்ள துணி விடாதட்டி." நான் தயங்கினேன். உடம்பு யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லையே, எதற்கும் கொஞ்சம் விடுகிறேன் என்றேன். கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி, விளிம்பைத் தானே வெட்டினார். என் தொழிலில் அப்படி ஒரு உடுப்பு அது ஒன்றுதான்.

திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறின அன்று எனக்குத்தான் பதற்றமாக இருந்தது. வீட்டுக்காரர் நாற்காலியைச் சொல்லி வைத்துவிட்டாராம், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று லாத்தா சொன்னார். சொன்ன குரலில் பலம் இல்லை. அவர் கை என் கையை விடுவதற்கு நேரமானது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. திரையில் லாத்தாவின் முகம், நான் தைத்த வெள்ளை உடுப்பு. சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, நடந்தீர்களா என்றுதான் கேட்டேன்.

"ஏழும் நடந்தேன்ட்டி" என்றார். சொல்லும்போதே அழுதார், நானும் அழுதேன். கடையில் அளவு கொடுக்க வந்திருந்த பெண் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள்.

அப்போ நாற்காலி வீண்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வீணாப் போகலட்டி. அவுக வெறும் நாற்காலியத் தள்ளிக்கிட்டே என் பின்னால வந்தாவ. பாதி ஆனதும் திரும்பிப் பாத்தா ஆளக் காணும். அங்கன நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நிக்காவ. இத்தன வருசம் வண்டியிலயே உக்காந்த காலு, மடங்க மாட்டேங்கு. வெக்கப்பட்டாவ. முடியாதவுகளுக்குத்தானே இது இருக்கு, உக்காருங்கன்னேன். பாதி அவுக நடந்தாவ. மீதிப் பாதி நான் தள்ளுனேன்."

பின்னால் கட்டிலிலிருந்து ஒரு ஆண் குரல் என்னவோ முணுமுணுத்தது. லாத்தா போனைக் கொஞ்சம் திருப்பினார். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு கனத்த உடம்போடு ஒரு மனிதர் என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு தலையசைத்தார். தள்ளும்போதுதான் அவர் எடை தெரிந்தது என்றும், இனிமேல் அவர் சாப்பாட்டில் பாதியைத் தான் எடுத்துக்கொள்ளப் போவதாகவும் லாத்தா சொன்னார். எனக்குப் பகீர் என்றது.

"லாத்தா, பாத்து. மீதிப் பாதியத் தின்னவ கதி என்னன்னு என்னயக் கேளுங்க."

இருவரும் சிரித்தார்கள். பயப்படாதே என்று லாத்தா போனைக் கீழே சாய்த்துக் காட்டினார். தரையில் விரிப்பு. அதன் மேல் ஒரே ஒரு தட்டு, ஒரு ஆள் சோறு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பிட்ட தடம் இருந்தது. நடுவில் ஒரு கறித்துண்டு தனியாகக் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.